மலை ஏறிய மறுநாள் எவ்வளவு மெதுவாக ஓட்ட வேண்டும்? ஐம்பதைத் தாண்டிய சைக்கிள்காரர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏற்காடு அடிவாரத்துக்குப் போனால் சைக்கிள்காரர்களைப் பார்க்கலாம். அவர்களில் தலை நரைத்தவர்கள் கணிசமாக இருப்பார்கள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர், பையனிடம் கடையை ஒப்படைத்துவிட்டு வந்தவர் என்று பல தரப்பு. சர்க்கரைக்காகவோ முட்டிவலிக்காகவோ டாக்டர் சொல்லி ஆரம்பித்து, அப்படியே பிடித்துப்போய்த் தொடர்கிறவர்கள்தான் அதிகம். பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கும்.

இவர்களிடையே அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு: "நேத்து மலை ஏறினேன். இன்னைக்குச் சும்மா ரிகவரிக்கு ஒரு முப்பது கிலோமீட்டர்." அந்தச் 'சும்மா'வை அருகில் இருந்து பார்த்தால் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, கடைசி இரண்டு கிலோமீட்டர் யார் முதலில் போவது என்று போட்டியும் நடந்திருக்கும். இதற்கு ரிகவரி, அதாவது உடம்பு மீள்வதற்கான ஓட்டம், என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். உடம்பு அதை இன்னொரு கடினமான நாளாகத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

இருபத்தைந்து வயதில் இப்படி ஓட்டினாலும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். ஐம்பத்தைந்துக்கு மேல் அது கடினம். ஏன் என்பதை முதலிலிருந்து பார்ப்போம்.

வலு எப்போது கூடுகிறது?

பெரும்பாலானவர்கள் நினைப்பது, மலை ஏறும்போதே கால் வலுவாகிறது என்று. உண்மையில் ஏறும்போது கால் பலவீனமாகிறது. மேலே போய்ச் சேரும்போது கீழே கிளம்பியபோது இருந்த சக்தி இருக்காது. தசைகளில் நுண்ணிய சேதங்கள் ஏற்பட்டிருக்கும், சேமித்து வைத்திருந்த எரிபொருள் குறைந்திருக்கும், நரம்புகள் களைத்திருக்கும். அடுத்து வரும் ஒன்றிரண்டு நாட்களில் உடம்பு இதையெல்லாம் சரிசெய்கிறது. சரிசெய்யும்போது முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கட்டிவைக்கிறது. நாம் 'ஸ்டாமினா' என்று சொல்வது அந்தக் கூடுதல்தான்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது பலருக்கு நினைவிருக்கும். அப்படிச் சரிந்த சாலையை எப்படிச் சரிசெய்வார்கள்? முதலில் வண்டிகளை நிறுத்துவார்கள். மண்ணை அகற்றி, ஓரத்தில் மூட்டைகளை அடுக்கி, தடுப்புச்சுவரைக் கட்டுவார்கள். கொஞ்சம் உறுதிப்பட்டதும் சிறிய வண்டிகளை மட்டும் விடலாம். வேலைக்கு வேண்டிய பொருள்களும் அப்படித்தான் வந்து சேரும். கனரக லாரிகளுக்கு அனுமதி கடைசியில்தான். சுவர் காய்வதற்குள் லாரியை விட்டால் பழைய சரிவோடு புதிய சரிவும் சேரும். வேலை செய்ய ஐம்பது பேர் இருந்தால் சீக்கிரம் முடியும்; இருபது பேர்தான் என்றால் நாள் கூடும். சாலை அதேதான், மழையும் அதேதான், ஆள்தான் குறைவு.

வயதான உடம்பின் நிலை இதுதான். மலை ஏறியதால் ஏற்படும் சேதம் இளைஞருக்கும் முதியவருக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். சரிசெய்ய வரும் ஆட்கள் முதியவரிடம் குறைவு. ரிகவரி ரைடு என்பது சிறிய வண்டிகளை மட்டும் விடும் நாள்.

ஏற்காடு ஏறினால் என்ன செலவாகிறது?

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் சேர்ந்து நம்மை 1,200 மீட்டர் மேலே தூக்குகின்றன. ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோகவே உடம்பு சுமார் ஆயிரம் கலோரி செலவழிக்க வேண்டும். மனிதத் தசை தான் எரிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்கைக்கூட முழுதாக வேலையாக மாற்றுவதில்லை; மிச்சம் வெப்பமாகப் போகிறது. மேலே போகும்போது குளிர்ந்த காற்றிலும் சட்டை நனைவதற்கு அதுதான் காரணம்.

இந்தச் சக்தியில் பெரும்பங்கு கிளைக்கோஜனிலிருந்து வருகிறது. கிளைக்கோஜன் என்பது நாம் சாப்பிட்ட மாவுச்சத்தைத் தசையும் கல்லீரலும் சேமித்து வைத்திருக்கும் வடிவம். ஒருவர் உடம்பில் மொத்தம் 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். முக்கி முக்கி ஏறினால் இது வேகமாகக் கரையும். மெதுவாக ஓட்டினால் கொழுப்பு அதிகம் எரிந்து, கிளைக்கோஜன் மிச்சமாகும். தீர்ந்ததை மறுபடி நிரப்ப, ஒழுங்காகச் சாப்பிட்டாலும், ஒரு நாள் பிடிக்கும். சாப்பாட்டைக் குறைத்தால் இன்னும் கூடுதல்.

மறுநாள் காலை மறுபடி முப்பது கிலோமீட்டர் வேகமாக ஓட்டுகிறவர், நிரம்பாத தொட்டியோடு கிளம்புகிறார். முதல் அரைமணி நேரம் ஒன்றும் தெரியாது. அப்புறம்தான் கால் கனக்கும்.

வயதோடு என்ன மாறுகிறது?

மூன்று மாற்றங்களைச் சொல்லலாம். முதலாவதுதான் மிக முக்கியம், அதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நம் தசையில் பழைய புரதம் சிதைவதும் புதிய புரதம் உருவாவதும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கின்றன. உடற்பயிற்சியும் புரத உணவும், புதிதாகக் கட்டுவதைத் தூண்டுகின்றன. இளம் வயதில் ஒரு சிறிய தூண்டுதலுக்கே தசை நன்றாக அசைந்து கொடுக்கும். வயதாக ஆக, அதே உணவுக்கும் அதே பயிற்சிக்கும் தசை முன்பைவிடக் குறைவாகவே பதில் தருகிறது. கட்டும் வேலை நின்றுவிடுவதில்லை, மந்தமாகிறது. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைவதும், அறுபதுக்குப் பிறகு அந்த வேகம் இன்னும் கூடுவதும் இதன் தொடர்ச்சிதான். சைக்கிள் ஓட்டுவது இந்தத் தேய்மானத்தைத் தாமதப்படுத்தும். ஆனால் கட்டுவதற்கு நேரம் கொடுத்தால்தான் தாமதப்படுத்தும். நாள் தவறாமல் இடித்துக்கொண்டே இருந்தால், கட்டியது எங்கே நிற்கும்?

இரண்டாவது, தூக்கம். வயதோடு ஆழ்ந்த தூக்கத்தின் அளவு குறைகிறது. உடம்பைச் சீர்செய்யும் வேலைக்கு உதவும் வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் அந்த ஆழ்ந்த தூக்கத்தில்தான் சுரக்கிறது. இரவில் இரண்டு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, இதயத்தின் உச்சத் துடிப்பு வயதோடு இறங்குகிறது. இருபது வயதில் நிமிடத்துக்கு 190க்கு மேல் போகும் இதயம், அறுபதில் ஏறக்குறைய 165ஐத்தான் தொடும். அதனால் முப்பது வயதுக்காரரோடு சமமாக ஓட்டும் அறுபது வயதுக்காரர், அதே வேகத்தில் தன் உச்சத்துக்கு மிக அருகில் ஓட்டிக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் இருப்பவருக்கு அது உலாத்தல், இவருக்கு அது பந்தயம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஓட்டும்போது செலவு, ஓய்வில் வரவு. வயதானால் வரவு தாமதமாகும். இளைஞருக்கு ஒரு நாளில் நடப்பது நமக்கு இரண்டு மூன்று நாளாகலாம்.

லாக்டிக் ஆசிட் கதை

ரிகவரி ரைடைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "காலில் தேங்கிய லாக்டிக் ஆசிட்டைக் கழுவி வெளியேற்றும்" என்று ஒருவர் சொல்வார். நிறையப் பேர் நம்பும் விஷயம் என்பதால் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: மறுநாள் கழுவ அங்கே ஒன்றும் இருக்காது.

கடினமாக ஓட்டும்போது தசையில் லாக்டேட் என்ற பொருள் கூடுவது உண்மை. ஆனால் அது கழிவுப்பொருள் என்பது பழைய எண்ணம். இதயமும் மற்றத் தசைகளும் லாக்டேட்டை எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. கடினமான ஓட்டம் முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அது பழைய அளவுக்கு இறங்கிவிடும். ஏற்காட்டில் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் கணக்கு முடிந்துவிட்டது.

அப்படியென்றால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும் வலி? அது தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதமும், அதைச் சரிசெய்ய உடம்பு எழுப்பும் அழற்சியும். பொதுவாக 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் அடங்கும். தசை சுருங்கி வேலை செய்யும்போது வருவதைவிட, பாரத்தைத் தாங்கியபடி நீளும்போதுதான் இந்தச் சேதம் அதிகம். மலையிலிருந்து நடந்து இறங்கினால் தொடை அப்படிப் பிடித்துக்கொள்வது இதனால்தான். சைக்கிள் மிதிப்பதில் அந்த வகை வேலை குறைவு. எனவே மலை ஏறிய மறுநாள் கால் வலிக்கவில்லை என்பதை மட்டும் வைத்து, உடம்பு தயார் என்று முடிவு கட்ட முடியாது. வலி இல்லாமலே கிளைக்கோஜன் காலியாக இருக்கலாம், நரம்பு களைத்திருக்கலாம், தூக்கம் கெட்டிருக்கலாம்.

சரி, ரிகவரி ரைடு என்னதான் செய்கிறது?

இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். மெதுவாக ஓட்டுவது சேதமான தசையை மாயம்போல் வேகமாக ஆற்றும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. படுத்துக் கிடப்பதற்கும் மெதுவாக ஓட்டுவதற்கும், தசை ஆறும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்கக் காரணங்கள் உண்டு. கால்களுக்கு ரத்த ஓட்டம் கூடி, விறைப்பு தளர்கிறது. அறுபதில் இந்த விறைப்பு சாதாரண விஷயமில்லை. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போதே தெரியும். மூட்டு அசைவில் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு, மெதுவான ஓட்டமும் ரத்தச் சர்க்கரையைக் குறைக்க உதவும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தே நாள் கழிவது தடைபடுகிறது. எழுந்தால் சைக்கிளை எடுக்கும் பழக்கம் விட்டுப்போகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாளில் கடினமாக ஓட்டாமல் இருக்கிறோம். ரிகவரி ரைடின் பெரிய பலன் இதுதான். உடம்பு தன் வேலையைப் பார்க்கிறது. நாம் குறுக்கே போகாமல், ஆனால் வீட்டிலும் அடைந்துகிடக்காமல், வெளியே போய்வருகிறோம்.

எவ்வளவு மெதுவாக?

நம்மில் பலர் நினைப்பதைவிட மிக மெதுவாக. நாணமாக இருக்கும் அளவுக்கு மெதுவாக என்றே சொல்வேன். கோவிலுக்குப் பூ வாங்கப் போகிறவர் உங்களைத் தாண்டிப் போனால், சரியான வேகத்தில் இருக்கிறீர்கள்.

அளக்க எளிய வழி பேச்சு. ஓட்டிக்கொண்டே முழு வாக்கியங்களில், நிறுத்தாமல் பேச முடிந்தால் மிதமான வேகம். பேசுவதோடு, ஒரு பாட்டையும் மூச்சு திணறாமல் பாட முடிந்தால் லேசான வேகம். ரிகவரி ரைடு இந்த இரண்டாவது வகையில் இருக்க வேண்டும். நடுவில் மூச்சுக்காக வாக்கியத்தை உடைக்க வேண்டி வந்தால், எல்லை தாண்டிவிட்டது.

வாட்ச் வைத்திருப்பவர்கள் எண்ணையும் பார்க்கலாம். 220இலிருந்து வயதைக் கழிப்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. வயதானவர்களுக்கு அதைவிடப் பொருத்தமாகக் கருதப்படுவது, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிப்பது. அறுபது வயதுக்கு 166 வரும். இதில் 60 முதல் 65 சதவீதம், அதாவது ஏறக்குறைய 100 முதல் 108க்குள் துடிப்பு இருந்தால் அது ரிகவரி வேகம். இந்தக் கணக்கு சராசரிதான். ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு முன்பின் ஆகும். ரத்தக்கொதிப்புக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த எண்ணை நம்பவே கூடாது. அந்த மாத்திரை இதயத் துடிப்பை இறக்கி வைத்திருக்கும். அவர்களுக்குப் பேச்சுதான் அளவுகோல்.

கியரை லேசாக வைத்து, கால் தடையில்லாமல் சுற்றும்படி மிதியுங்கள். பெடலை அழுத்துகிற உணர்வே இருக்கக் கூடாது. முட்டிக்கும் இது நல்லது. நேரம் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் போதும். திரும்பி வரும்போது கிளம்பியதைவிடப் புத்துணர்வாக இருந்தால் சரியாக ஓட்டியிருக்கிறீர்கள்.

சேலத்தில் எங்கே ஓட்டுவது?

இங்கேதான் நம் ஊரின் சிக்கல். வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று நாலாபுறமும் மலை. அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக அடிவாரம் போகும் சாலை கண்ணுக்குச் சமதளம் மாதிரிதான் தெரியும். ஆனால் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும், கால் அதைச் சொல்லும். "அடிவாரம் வரைக்கும்தானே" என்று கிளம்புகிறவர்கள் அறியாமலே வேலை செய்துவிடுகிறார்கள். அடிவாரம் வந்ததும் முதல் வளைவு வரை போய்ப் பார்க்கலாம் என்ற ஆசை வேறு. ரிகவரி நாளில் மலை இருக்கும் திசையில் போகாமல் இருப்பதே நல்லது.

வீட்டிலிருந்து பக்கத்தில் உள்ள சமதளமான, வண்டி குறைந்த ஒரு சுற்றைத் தேர்ந்தெடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓட்டலாம். மூக்கனேரிப் பக்கம் பறவைகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். பார்க்க ஏதாவது இருந்தால் வேகம் தானாகக் குறையும். மேம்பாலங்களைத் தவிருங்கள். ஏற்காட்டிலேயே வசிப்பவர்களுக்குச் சமதளம் கிடைப்பது அரிது. ஏரியைச் சுற்றிக் கொஞ்ச தூரம் போகலாம். இல்லாவிட்டால் அன்று சைக்கிளை விட்டுவிட்டு நடக்கலாம், அதுவும் ரிகவரிதான்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தின் வெயில் 40 டிகிரியைத் தொடும். வெப்பத்தில் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் திருப்பப்படுவதால், அதே வேகத்துக்கு இதயம் அதிகம் துடிக்க வேண்டியிருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு ஓட்டும் ஈஸி ரைடு ஈஸியாக இருக்காது. வயதானால் தாகமும் சரியாகத் தெரியாது. ஆறு மணிக்கு முன்பே கிளம்பி, தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

கூட்டமாகப் போவது இன்னொரு பிரச்சினை. குழுவில் எப்போதும் வேகம் கூடத்தான் செய்யும், குறைந்து யாரும் பார்த்ததில்லை. ரிகவரி நாளில் தனியாகப் போங்கள். புதிதாக ஆரம்பித்திருக்கும் ஒருவரையோ, மனைவியையோ கணவரையோ, பேரக்குழந்தையையோ கூட்டிக்கொண்டு போவது அதைவிட நல்லது. உங்கள் வேகத்தை அவர்கள் தீர்மானிக்கட்டும்.

நடுவில் மாட்டிக்கொள்வது

நம் பகுதியில் நான் பார்க்கும் பெரிய குறை சோம்பல் இல்லை. எல்லா நாளும் ஒரே மாதிரி, கொஞ்சம் கடினமாக ஓட்டுவதுதான். மெதுவான நாள் போதுமான அளவு மெதுவாக இல்லாததால், மலை ஏறும் நாளில் கால் களைத்திருக்கிறது. மலை நாளில் முழுதாக ஏற முடியாததால் முன்னேற்றம் நிற்கிறது. முன்னேற்றம் இல்லை என்று இன்னும் ஒரு நாள் சேர்த்து ஓட்டுகிறார்கள்.

ராபர்ட் மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரரின் கதை இதற்கு நல்ல மருந்து. 1911இல் பிறந்தவர். 2012இல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். 2014இல், 102 வயதில், அதையே 26.927 கிலோமீட்டராக உயர்த்தினார். இடைப்பட்ட காலத்தில் பயிற்சி அறிவியலாளர்களின் கண்காணிப்பில் இருந்தார். ஆண்டுக்கு சுமார் 5,000 கிலோமீட்டர் ஓட்டினார். அதில் 80 சதவீதம் லேசான முயற்சி, 20 சதவீதம் மட்டுமே கடினம். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் அவருக்கு ஏறக்குறைய 13 சதவீதம் கூடியிருந்தது. ஒரே ஒருவரின் கதையை வைத்து எல்லோருக்கும் சட்டம் போட முடியாதுதான். ஆனால் நூறைத் தாண்டியவர் பெரும்பகுதி நேரம் மெதுவாக ஓட்டியே முன்னேற முடிந்தது என்பது, மெதுவாக ஓட்டினால் வலு போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கான பதில்.

நம் வாழ்க்கைக்கு இதை இப்படிப் பொருத்தலாம். ஞாயிறு ஏற்காடு அல்லது குப்பனூர் வழி ஏற்றம் என்றால், திங்கள் முழு ஓய்வு அல்லது நடை. செவ்வாய் ரிகவரி ரைடு. வியாழன் கொஞ்ச தூரம், இடையிடையே கடினமாக. சனிக்கிழமை மறுபடி லேசாக. நடுவில் ஒன்றிரண்டு நாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது போன்ற தசைப்பயிற்சி. சைக்கிள் உடம்பின் எடையைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அதில் வேலை குறைவு. அதை நடையும் தசைப்பயிற்சியும்தான் ஈடுகட்டும்.

சாப்பாட்டில் ஒரு வார்த்தை

ஓட்டிவிட்டு வந்து நாலு இட்லி சாப்பிட்டால் மாவுச்சத்து கிடைக்கும், தொட்டி நிரம்பும். கட்டுவதற்கு வேண்டிய புரதம் அதில் குறைவு. வயதானவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தினமும் புரதம் தேவை என்கிறார்கள் நிபுணர்கள். 65 கிலோ எடைக்கு 65 முதல் 78 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. எனவே முட்டை, சுண்டல், பச்சைப்பயறு, தயிர், மீன் என்று மூன்று வேளையும் பிரித்துச் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

ரிகவரி ரைடும் வேண்டாத நாட்கள்

காலையில் கண் விழித்ததும், படுக்கையிலேயே ஒரு நிமிடம் நாடி பிடித்துப் பாருங்கள். வழக்கத்தைவிட 6, 7 துடிப்பு கூடுதலாக இருந்து, தூக்கமும் சரியில்லை, மனதும் எரிச்சலாக இருக்கிறது என்றால் அன்று சைக்கிளே வேண்டாம். காய்ச்சல் இருந்தால் நிச்சயம் வேண்டாம்.

இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், லேசான ஓட்டத்துக்கும் பையில் ஏதாவது இனிப்பு வைத்திருக்க வேண்டும். கடினமாக ஓட்டிய நாளின் இரவிலும் சர்க்கரை இறங்கலாம். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் ரிகவரிக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொழுப்பைக் குறைக்க ஸ்டேட்டின் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சில சமயம் அந்த மாத்திரையாலேயே தசைவலி வரும். நாலைந்து நாள் லேசாக ஓட்டியும் ஓய்வெடுத்தும் இரண்டு தொடையிலும் வலி குறையாவிட்டால், தானாக மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் போய், எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.